காப்பியில் கலந்த மாத்திரை

மதன்,

ஆறரை மணி ஜீப்பில் டியூட்டிக்குப் போகிறேன். உன்னை எழுப்பவில்லை. மாவு இருக்கிறது, தோசை ஊற்றிக்கொள்.

அப்பாவுக்கு முட்டையை ஓட்டோடு அவித்து வை. மலைவாழையைச் சீப்போடு வை. அவரே உரித்துச் சாப்பிடட்டும். பிரஷர் மாத்திரையைப் பொடித்துக் காப்பியில் கலந்தது தெரிந்ததிலிருந்து, இந்த வீட்டில் வேறெதையும் அவர் தொடுவதில்லை. ஆயுள் முழுக்கக் காப்பித் தோட்டத்தில் இருந்தவருக்கு, கலக்கக் காப்பிதானா கிடைத்தது உனக்கு?

"விழுந்து கெடந்தா யாரு தூக்குறது, அக்கா?" என்று நேற்றுக் கத்தினாய். அந்தப் பயம் எனக்கும் உண்டு. ஆனால் அவர் புத்தி தெளிவாக இருக்கிறது. வேண்டாம் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. ஏன் வேண்டாம் என்று நாம்தான் கேட்கவில்லை. நேற்று நீ தூங்கியபின் கேட்டேன். மாத்திரை போட்டால் அடிக்கடி ஒன்றுக்கு வருகிறதாம். வெளியே போகும்போது, பெண்கள் நிறைந்த ஜீப்பை வழியில் நிறுத்தச் சொல்லக் கூச்சமாம். டாக்டரிடம் வேறு மாத்திரை கேட்டு வருகிறேன்.

அதுவரை மாத்திரை அட்டையை அவர் கண்ணெதிரே வை. எடுக்காவிட்டால் சண்டை போடாதே.

அக்கா

பி.கு.: மதியம் ஜோதிமணி சித்தி வருவார். அவரை ஏவி அப்பாவை மிரட்டாதே.

இன்னொன்று. கலந்தது நீ என்று அவருக்குத் தெரியாது. நான் நர்ஸ் என்பதால் என்னைத்தான் நினைக்கிறார். இன்றே நீ சொல்லிவிடு. காலையில் குடத்திலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு கொடுத்தேன். வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டுக் கேட்டார்:

"தண்ணியிலயுமா, தாயி?"