பசியால் அளந்த அரிசி

என் கோபக்காரிக்கு,

உன் அக்கா வீட்டுக்குக் கிளம்புமுன் நீ குப்பையில் கொட்டினாயே, நான் இளைப்பதற்காக ஒளித்துவைத்துத் தின்ற பொடி, அதை மறுபடி வாங்கவில்லை. டாக்டரிடம் போனேன். தினமும் நடை, வாரம் ஓர் ஊசி. எடை மெதுவாகத்தான் இறங்குகிறது. "அவசரப்படாதீங்க, அதுதான் நல்லது" என்கிறார்.

ஊசி பசியை அடக்கியதில் ஒரு கூத்து. கேன்டீனில் நான் என் வயிற்றைக் கேட்டுத்தானே உலையில் அரிசி போடுவேன்? முதல் ஊசி போட்ட மறுநாள் அது வாயே திறக்கவில்லை. பாதி வரிசை நிற்கும்போதே சோறு தீர்ந்துவிட்டது. "மாஸ்டர், டயட் உங்களுக்கா, எங்களுக்கா?" என்று கத்தினார்கள். இப்போது படியால் அளக்கிறேன்.

வீட்டில்தான் அளவு பிடிபடவில்லை. எனக்கு ஒரு பிடி போதும். கை என்னவோ இருவருக்குத்தான் அள்ளுகிறது.

இப்படிக்கு,
உன் சமையல்காரன்