வீட்டில் எத்தனை பேர்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம்.

முட்டிவலி குறைந்ததா? சர்க்கரை மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடுகிறீர்களா? நான் நன்றாக இருக்கிறேன், கால்தான் ஓய்ந்துபோகிறது. நோய்க் கணக்கெடுப்புக்காகக் கும்மிடிப்பூண்டியில் தினமும் பன்னிரண்டு வீடு ஏறி, எல்லோருக்கும் எடையும் பிரஷரும் பார்த்து எழுதுகிறேன். உலகத்தில் எந்த நோய் கூடுகிறது, எது குறைகிறது என்று இதையெல்லாம் சேர்த்துத்தான் கண்டுபிடிப்பார்களாம்.

நேற்று பூவம்மாள் என்றொரு அம்மா, குவைத்தில் வேலை பார்க்கும் மகனையும் எழுதச் சொல்லி அடம்பிடித்தார். ஆறு மாதமாக வீட்டில் தங்காதவரைச் சேர்க்கக் கூடாது என்றேன். "இன்னாம்மா நீ, அவன் தட்டு இங்கதான் கீது. அறுபது கிலோ, எழுதிக்கினு போ" என்றார். நான் எழுதவில்லை. கதவைச் சாத்திவிட்டார். எனக்குச் சிரிப்புதான் வந்தது.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் என் பழைய செருப்பைக் கொடுத்தனுப்புங்கள். புதுசு கடிக்கிறது. கொஞ்சம் கருப்பட்டியும்.

அடுத்த வாரம் நம் சங்கரன்கோவிலுக்கும் எங்கள் கணக்கெடுப்பு ஆட்கள் வருவார்கள். நான் கிளம்பி, நீங்கள் தனியாகி எட்டு மாதமாகிறது. ஆனாலும் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டால், இரண்டு பேர் என்றே சொல்லுங்கள் அப்பா.

ஷேர் ஆட்டோ வந்துவிட்டது. என் எடை நாற்பத்தாறு கிலோ.

மாரிச்செல்வி