மரம் சுருங்கவில்லை

அன்புள்ள டெஸ்ஸாவுக்கு,

அப்பா எழுதுவது. அம்மா நலம், நாய் நலம், புயலுக்குப் பிறகு மாற்றிய கூரையும் நலம். ஃபேர்பேங்க்ஸ் குளிரில் நீயும், நீ பழுது பார்க்கிற அந்தக் குட்டி விமானங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நான் நலமில்லை, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம், ஆனால் நீ இடையில் புகுந்து கேள்வி கேட்பாய், நான் எரிந்து விழுவேன், அம்மா என் கையிலிருந்து போனைப் பிடுங்குவாள், விஷயம் பாதியில் நிற்கும். அதனால் இடது கை ஒற்றை விரலால் தட்டி அச்செடுத்து அனுப்புகிறேன். கூட ஒரு பொட்டலம் இருக்கும். இதை முழுக்கப் படித்த பிறகு அதைப் பிரி, முன்னாலேயே பிரித்தால் குப்பை என்று நினைத்துவிடுவாய்.

இலையுதிர்காலத்தில் துப்பாக்கி கிளப்பில் செவ்வாய்க்கிழமைப் போட்டிகள் தொடங்கின. அதே நிலவறை, அதே ஈயப் புகை வாசனை, யாரோ வைத்துவிட்டுப் போகிற அதே பீன்ஸ் குழம்புச் சட்டி. எனக்கு அந்தச் செவ்வாய் மாலைகள் எவ்வளவு முக்கியம் என்று உனக்குத் தெரியும். வாரம் முழுக்க மற்றவர்களின் அளவுகோல் சரியா தப்பா என்று பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன் நான், அன்று ஒரு நாள்தான் என்னை நானே அளந்து பார்ப்பேன். மற்றவர்கள் பெரிய துப்பாக்கிக்கு அலைகிறார்கள், அலையட்டும், அவை கத்தும், கையை உதைக்கும், காசைத் தின்னும். நம் இருபத்திரண்டு காலிபர் கைத்துப்பாக்கி மெதுவாகப் பேசுகிற ஜாதி. ஒரு டப்பாத் தோட்டா போதும், ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து பேசலாம். கையை நீட்டி, மூச்சை நிறுத்தி, குழல் நுனியில் முன்குறி லேசாக ஆடுவதைப் பார்த்துக்கொண்டே விசையை அழுத்தும்போது ஒரு இடம் வரும், அதற்கு முன்னும் ஒன்றுமில்லை பின்னும் ஒன்றுமில்லை, தாளில் ஒரு சிறிய ஓட்டை மட்டும் இருக்கும். இருபது வருடத்தில் அந்த இடம் எனக்கு அலுக்கவே இல்லை. கல்யாணத்தைத் தவிர நான் இவ்வளவு காலம் பொறுமையாக இருந்த காரியம் வேறில்லை என்று அம்மாவே சொல்வாள்.

இந்த முறை முதல் வாரமே துப்பாக்கி மக்கர் பண்ணியது. சுட்ட தோட்டாவின் காலிக் கூடு வெளியே விழாமல் மேலே குத்திட்டு நின்று அடுத்த தோட்டாவை வரவிடாது. நான் இடது கையைத் தூக்கி 'சாக்கு' என்று குரல் கொடுத்தேன். முறை உனக்கு மறந்திருக்காது. தப்பு துப்பாக்கியுடையது என்றால் மட்டும் நடுவர் ஸ்டூ பார்த்துவிட்டு மறுபடி சுட விடுவார், தப்பு சுடுகிறவனுடையது என்றால் சாக்கு கிடையாது, விட்டது விட்டதுதான். அன்று சுட விட்டார். அடுத்த வாரமும் சாக்கு, அதற்கடுத்த வாரமும் சாக்கு. உன் பழைய பள்ளிப் பேருந்து டிரைவர் மார்லிஸ் பக்கத்துச் சுடும் தடத்தில் நின்றுகொண்டு, "என்னப்பா குர்ட், வாரா வாரம் ஒரு சாக்கு சொல்றே, எல்லாத்தையும் அடுக்கி வெச்சா உருளைக்கெழங்கு ஏத்தலாமே" என்றாள். அன்றிலிருந்து என் பெயர் சாக்கு மூட்டை. கதவைத் திறந்து உள்ளே போனாலே, "வழி விடுங்கடா, மூட்டை எறங்குது" என்பார்கள். நானும் விடவில்லை. ஸ்பிரிங்கை மாற்றினேன், கூட்டை இழுக்கிற கொக்கியை மாற்றினேன், தோட்டா அடுக்குகிற மேகசினை மாற்றினேன், தோட்டா ரகத்தை மாற்றினேன். நீ சின்ன வயதில் தோட்டா போடாமல் காலியாக விசையை இழுத்து சுடும் ஊசியால் தோட்டா அறையின் ஓரத்தைக் குத்தி வடு பண்ணினாயே, அந்த இடம் மறுபடி பிசிறடித்திருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துக்கூடப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. உன்மேல் பழி போட முடியாமல் போனதில் கொஞ்சம் வருத்தம்தான்.

துப்பாக்கியின் கைப்பிடியும் லொடலொடவென்று ஆட ஆரம்பித்தது. நான் செதுக்கிய வால்நட் பிடி, நீ தரையில் உட்கார்ந்து உப்புத்தாள் தேய்த்துக் கொடுத்தது, கைக்கு வார்த்த மாதிரி இருக்கும். இப்போது பிடித்துக்கொண்டு விளக்குக்கு நேரே காட்டினால் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. குளிர் தொடங்கிவிட்டது, வீட்டில் ஹீட்டர் ஓடுகிறது, மரம் காய்ந்து சுருங்கிவிட்டது என்று முடிவு கட்டினேன். மரத்துக்குப் பூசுகிற சாம்பல் நிறப் புட்டியைக் குழைத்து அந்த இடத்தில் அப்பி, கையால் அழுத்திப் பதித்துக் காயவைத்தேன். இரண்டு வாரம் ஒழுங்காக இருந்தது. திரும்ப வெளிச்சம். திரும்ப அப்பினேன். பிறகு இன்னொரு முறை. தொழிற்சாலையில் எவனாவது இப்படி அளக்காமல் அப்பிக்கொண்டே போனால் அவனை நான் என்ன பேசியிருப்பேன் என்று உனக்குத் தெரியும்.

நவம்பர் கடைசியில், நன்றி நாளுக்கு முந்தைய செவ்வாய் அன்று துப்பாக்கி மறுபடி நின்றது. கையைத் தூக்கினேன். ஸ்டூ வந்தார், துப்பாக்கியைப் பார்க்கவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை. "குர்ட், சாக்கு கெடையாது. வெடிக்கறப்ப ஒன் மணிக்கட்டு தொவண்டு போவுது, நான் பின்னாலேந்து பார்த்துகிட்டுதான் இருந்தேன். கை தாங்கி நின்னாத்தானே அதால கூட்ட வெளிய தள்ள முடியும்" என்றார். எனக்கு வந்த கோபத்தில், "மொதல்ல ஒங்க கண்ணாடிய மாத்துங்க ஸ்டூ" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். மார்லிஸ்தான், "குடுய்யா அந்த மகராசிய" என்று வாங்கி, மேகசின் நிறையப் போட்டு வரிசையாகச் சுட்டாள். கூடெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தெறித்துத் தரையில் விழுந்தது. மறுபடி நிரப்பிச் சுட்டாள், மறுபடியும் அப்படியே. "பொண்டாட்டி நல்லாத்தான் இருக்கா, புருசனத்தான் ரிப்பேருக்கு அனுப்பணும்" என்றாள். நிலவறையே சிரித்தது. நானும் சிரித்தேன் டெஸ், சத்தமாகவே சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து பிடியைக் கழற்றினேன். அந்த யோசனை முன்னாடியே வந்திருக்க வேண்டும். மரம் சுருங்கியிருந்தால் திருகுத் துளைகள் தள்ளிப் போயிருக்கும், இரும்புச் சட்டத்தோடு பொருந்தாது. காலிப்பர் வைத்து அளந்தேன். மரம் மயிரளவும் அசையவில்லை. பிறகு வலது கையை மேஜை மேல் வைத்துப் பார்த்தேன், பக்கத்தில் இடது கையையும் வைத்துப் பார்த்தேன். கட்டைவிரலுக்குக் கீழே இருக்கவேண்டிய சதை வலது கையில் இல்லை. யாரோ கரண்டியால் தோண்டி எடுத்த மாதிரிக் குழி. நான் புட்டி அப்பியதெல்லாம் மரத்தில் போனதற்கு இல்லை.

பிட்ஸ்பர்க் டாக்டர் சதையில் ஊசி குத்தி நரம்பைச் சோதித்தார், இன்னும் என்னென்னவோ எடுத்தார். ஏ.எல்.எஸ். என்று பெயர். உடம்பை அசைக்கிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டே வரும், கையில் தொடங்கியிருக்கிறது, கால், பேச்சு, விழுங்குவது, கடைசியில் மூச்சு. புத்தி மட்டும் பெரும்பாலும் கடைசிவரை கூட இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்குமாம், நல்ல ஏற்பாடு. உனக்கு வருமா என்றுதான் முதலில் கேட்டேன். அநேகமாகப் பரம்பரையில் வருவதில்லை, நம் குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லை என்பதால் பயப்பட வேண்டாம் என்றார். மற்றதை அதற்குப் பிறகுதான் காதில் வாங்கினேன். தப்பு மெஷினுடையதா கையுடையதா என்று கேட்டால் இப்போது இரண்டும் ஒன்றுதான். யாரிடம் கையைத் தூக்கிச் சாக்கு சொல்வது? பதினெட்டு வயதில் உன்னைத் தூக்கினேன், நாற்பது இன்னும் ஆகவில்லை. கோபம் வருகிறது, யார் மேல் என்று தெரியவில்லை, காலையில் காபிக் கோப்பையைக் கீழே போட்டுவிட்டுக் கோப்பையைத் திட்டினேன். நீ இணையத்தில் தேடுவாய். தேடு. ஆனால் தேடியதை எனக்குப் படித்துக் காட்டாதே, மூலிகை, மாத்திரை, மெக்சிகோவில் ஒருவர் குணமாக்குகிறார் என்று எதையும் அனுப்பாதே. 'அப்பா, நீ தைரியமாக இரு' என்றும் எழுதாதே. என்னிடம் தைரியம் இல்லை, நம்பிக்கையும் இல்லை, இல்லாததை இருக்கிறது என்று காட்ட எனக்குத் தெரியாது.

இதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ அங்கே உட்கார்ந்து கற்பனை பண்ணுவாய். ஒருநாள் காலை அம்மா வாணலியில் முட்டையைப் பார்த்துக்கொண்டே துப்பாக்கி அலமாரிச் சாவியைக் கேட்டாள். ஏன் என்று கேட்கவில்லை, கொடுத்துவிட்டேன். அந்த நினைப்பு எனக்கு வரவே இல்லை என்று உனக்குப் பொய் எழுத மாட்டேன். வந்தது. டாக்டரிடமும் சொன்னேன், அதைப் பேசுவதற்கென்றே ஒரு ஆளை வைத்திருக்கிறார்கள், போய்ப் பேசுகிறேன். நீண்ட துப்பாக்கிகள் ஸ்டூ வீட்டில், இருபத்திரண்டு மார்லிஸ் வீட்டில். அவள் அதை வாங்க வந்தபோது வாசலில் நின்று அழுதாள். புருசன், ரிப்பேர் என்று சொன்ன வாயைக் கிழிக்கணும் என்றாள். "அழறதுன்னா வெளியவே அழு, இப்பதான் தரைய தொடச்சிருக்கு" என்றேன். "இந்த நெலமையிலயும் ஒனக்குக் கொழுப்பு கொறையல" என்று மூக்கைச் சிந்திவிட்டு எடுத்துப் போனாள். துப்பாக்கி உனக்குத்தான், நீ வரும்போது முறைப்படி எழுதி வாங்கிக்கொள். வெறும் மரத்தைத் தபாலில் அனுப்பத் தடை இல்லை.

பொட்டலத்தில் இருப்பது அந்தப் பிடி. அசிங்கமாக இருக்கும், சாம்பல் நிறத்தில் மூன்று அடுக்குப் புட்டி. மேல் அடுக்கு நவம்பர் மாதத்துக் கை, அது எனக்கு வேண்டாம், உனக்கும் வேண்டாம். உன் வேலையிடத்துச் சுரண்டியை எடுத்து மெதுவாகச் சுரண்டு, அவசரப்படாதே, அந்த விஷயத்தில் நீ என்னைக் கொண்டிருக்கிறாய். சாம்பல் போய் பழுப்பு மரம் தெரிகிற இடத்தில் நிறுத்திவிடு. அங்கே இருப்பது உனக்குச் சைக்கிள் பிடித்துவிட்ட கை. அதற்குள் உன் கையை வைத்துப் பார். பொருந்தாவிட்டால் உனக்கென்று வேறு கட்டையில் ஒன்று செதுக்கிக்கொள், இதில் மட்டும் உளி படக்கூடாது.

வசந்தத்துக்குள் ஒருமுறை வந்து போ, நான் பேசுவது புரிகிறபோதே வா. அம்மாவை வாரம் இரண்டு தடவை கூப்பிடு, என்னைப் பற்றிக் கேட்காதே, அவளைப் பற்றிக் கேள். ஒழுங்காகச் சாப்பிடு. நீ நன்றாக இரு, உன் பத்து விரலும் கடைசிவரை உன் பேச்சைக் கேட்கட்டும். மறக்காதே, காலித் துப்பாக்கியின் விசையை இழுக்காதே.

உன் அப்பா,
குர்ட்

(கீழே இருக்கிற கிறுக்கல் என் கையெழுத்துதான். வலது கையால் போட்டது. நாலாவது முயற்சி.)