ஆயிரத்து ஐந்நூறாவது மணி

கிராண்ட் ஃபோர்க்ஸ், வடக்கு டகோட்டா
ஜனவரி 19

அன்புள்ள நோரீன்,

சௌக்கியமா? போனில் எதைக் கேட்டாலும் சிரித்தே மழுப்பிவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

இந்த வாரம் குளிரில் நான்கு நாள் பறக்கவே இல்லை. ஐந்தாம் நாள் வானம் வெளுத்தது. என் மாணவி ஆர்லீனை முதன்முறையாகத் தனியே மேலே அனுப்பினேன். ஐம்பத்திரண்டு வயது, டிராக்டர் ஓட்டிக் காய்த்துப்போன கைகள். நான் ஓடுபாதை ஓரம் பனியில் நின்றேன். சூரியனுக்கு இரு பக்கமும், காற்றில் மிதக்கும் பனித்துகள் காட்டும் இரண்டு பொய்ச் சூரியன்கள். மூன்றுக்கும் நடுவே அவள் விமானம் சாவதானமாகத் திரும்பியது. மூச்சுவிட மறந்துபோனேன், நோரீன். ஒரு மனுஷி தனியே வானத்தில் இருப்பதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அடங்குவதில்லை.

இறங்கி வந்தவள் என்ன சொன்னாள் தெரியுமா? "நீங்க இறங்கினதும் விமானம் எவ்ளோ லேசா ஆயிடுச்சு டீச்சர்." கிண்டலைப் பார். முதல் தடவை தனியே பறந்தவர்களுக்குச் செய்யும் வழக்கப்படி அவள் சட்டையின் முதுகுப்பக்கத்தைக் கத்தரித்துச் சுவரில் மாட்டினோம். அந்தக் குளிரில் ஹீட்டரைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

அவள் தனியே பறந்த நேரம் என் கணக்கில் சேராது. இன்றைக்கு 1310. விமான நிறுவனம் நம்மை எடுக்க 1500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். நீ எவ்வளவில் நிற்கிறாய்? இருவரும் ஒரே நாளில் விண்ணப்பிப்போம், ஒரே பயிற்சி வகுப்பில் சேருவோம் என்று கைகுலுக்கிச் சொன்னதை மறந்துவிடாதே.

உன்,
சிக்ரிட்


போன்கா சிட்டி, ஓக்லஹோமா
பிப்ரவரி 2

என் சிக்ரிட்டுக்கு,

உன் மூன்று சூரியன்களை நானும் பார்த்ததுபோல் இருந்தது.

என் வேலை உனக்குத் தெரியும். ஐந்நூறு அடி உயரத்தில் எண்ணெய்க் குழாயின் மேலேயே பறந்து, எங்காவது எண்ணெய் கசிந்து புல் கருகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். செவ்வாய்க்கிழமை காலை பள்ளமெல்லாம் மூடுபனி. திடீரென்று இடது இறக்கைக்கு நேராக நாரைக் கூட்டம், நூற்றுக்கணக்கில். நான் விலகித் திரும்பினேன். அவை என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இது அவற்றின் வீடு, நான் விருந்தாளி என்று தோன்றியது. உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

என் மணிக்கணக்கு உன் அளவுதான், கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். அவசரமில்லை. முதலாளி டெல்பர்ட்தான் என்னைக் கேலி செய்கிறார். "உன்னை எவனாவது ஏர்லைன்ஸ்காரன் கொத்திக்கிட்டுப் போவான்னு பாத்தா, நீ இங்கயே வேர் விட்டுட்டியேம்மா."

காது மூடும் தொப்பி அனுப்பியிருக்கிறேன். போட்டுக்கொள்.

நோரீன்


கிராண்ட் ஃபோர்க்ஸ்
மே 11

அன்புள்ள நோரீன்,

இந்தக் கடிதத்தை மூன்று முறை கிழித்துப் போட்டுவிட்டு எழுதுகிறேன்.

மே 3 அன்று 1500 முடிந்தது. மறுநாளே ஒரு விமான நிறுவனத்திலிருந்து ஆள் எடுக்க வந்தார்கள். "இன்னைக்கே கையெழுத்துப் போட்டா ஜூன் எட்டாம் தேதி வகுப்பு. அடுத்த வகுப்புக்கு இடம் இருக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன்" என்றாள் வந்தவர்களில் ஒருத்தி.

பணிமூப்பு எண் விஷயம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முந்திச் சேர்ந்தவருக்கு முந்திய எண். எந்த ஊரில் வேலை, எப்போது விடுப்பு, எந்த வருஷம் கேப்டன் எல்லாமே அதை வைத்துத்தான், ஓய்வு பெறும்வரை. மாதம் நூறு பேர் சேர்கிறார்களாம். பயந்துவிட்டேன். நீ இன்னும் முடித்திருக்க மாட்டாய் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

திட்டி எழுது. அதற்காவது நான் தகுதியானவள்.

சிக்ரிட்


போன்கா சிட்டி
மே 17

என் சிக்ரிட்டுக்கு,

எதற்குத் திட்ட வேண்டும்? வந்த வாய்ப்பை விடலாமா? நல்ல காரியம் செய்தாய். சீருடைக் காலணியை வாங்கி இப்போதே நடந்து பழகு. அது உன் பாதத்தைக் கடித்தால் ஊரையே கூட்டுவாய்.

மேகத்துக்கு மேலே முதல் சூரியோதயம் பார்க்கும் அன்று எனக்கு எழுது. அவ்வளவு உயரத்திலிருந்து நான் பார்த்ததில்லை. எனக்கு வேளை வரும்போது வருகிறேன்.

நோரீன்


கிராண்ட் ஃபோர்க்ஸ்
மே 25

நோரீன்,

உன் கடிதத்தில் கோபமே இல்லாதது என்னை உறங்க விடவில்லை. வாயாலேயே மன்னிப்புக் கேட்கலாமென்று நேற்று உன் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். நீ மேலே இருந்தாய். டெல்பர்ட் எடுத்தார். நோரீனுக்கு இன்னும் எத்தனை மணி பாக்கி என்று கேட்டேன்.

"பாக்கியா? ஜனவரி ஒம்போதாம் தேதியே ஆயிரத்தஞ்சூறு முடிச்சிட்டாளே. நான்தான் கேக் வாங்கிட்டு வந்தேன். அப்ளிகேஷனைப் போடுன்னு வாரம் தவறாம சொல்றேன். 'என் சிநேகிதி பனியில மாட்டிக்கிட்டிருக்கா, அவ வரட்டும்'ங்கறா. ஆமா, யாரு பேசறது?"

பெயரைச் சொல்லாமலே போனை வைத்துவிட்டேன்.

நாலரை மாதம், நோரீன். நானூறு பேருக்கு மேல் உன்னைத் தாண்டிப் போனார்கள். ஒவ்வொரு மாதமும் உனக்குத் தெரிந்தே போனார்கள். அதில் கடைசி ஆள் நான். வானத்தில் நான் பார்த்து வாய்பிளந்து நின்றதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை. இப்படி ஒருத்தி எனக்குச் சிநேகிதியாக இருந்திருக்கிறாள், நானோ உன் மணிக்கணக்கைக்கூட ஒழுங்காக விசாரிக்கவில்லை.

இன்று காலை நிறுவனத்துக்குப் போன் செய்து ஜூன் வகுப்பை விட்டுக்கொடுத்தேன். முணுமுணுத்தார்கள். கடைசியில் ஜூலை 20 வகுப்பில் போட்டார்கள். அதில் இன்னும் இரண்டு இடம் இருக்கிறது, ஜூன் 5 வரை விண்ணப்பிக்கலாம். ஒரே வகுப்பில் சேருகிறவர்களுக்கு வயதுப்படி எண் கொடுப்பார்களாம். நீ என்னைவிட ஏழு மாதம் மூத்தவள். இனி வாழ்நாள் முழுக்க நீதான் எனக்கு முன்னால்.

விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். இதற்குப் பதில் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்காதே. விண்ணப்பத்தை அனுப்பு.

சிக்ரிட்