கட்டில் கட்டிலாக

மார்ச் 4
எங்கள் தீவிலிருந்து வரும் புளியங்கூடல் பஸ் பிந்திவிட்டது. ஆஸ்பத்திரி வாட்டுக்குள் கால் வைத்ததும் பொறுப்புத் தாதி சத்தியபாமா சிஸ்டர், "தீவு வந்திட்டுது. கப்பலிலையோ வந்தனீர்?" என்றார். நோயாளிகளும் சிரித்தார்கள். தாதிப் பயிற்சிக்கு வந்து ஒரு மாதமாகிறது. என் பெயர் நிலக்சனா என்று இங்கே யாருக்கும் தெரியாது.

மார்ச் 9
ஒரு அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. சிஸ்டர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். ஓடிப்போய்க் கூப்பிட்டேன். வந்து பார்த்தால் அந்த அம்மா இருமி முடித்து வெற்றிலை கேட்கிறார்!
அதற்குச் சிஸ்டர் தந்த தண்டனை: கட்டில் கட்டிலாகப் போய், "நான் ஒண்டும் தெரியாதவள், மன்னியுங்கோ" என்று சொல்லவேண்டும். எல்லாக் கட்டிலிலும் சொன்னேன். கூடப் படிக்கும் தனுசியா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளை என்ன குறை சொல்ல?

மார்ச் 10
அம்மாவிடம் சொன்னேன். "எங்கடை வீட்டிலை முதல் அரசாங்க உத்தியோகம், பிள்ளை. பல்லைக் கடிச்சுக்கொண்டு இரு."

மார்ச் 15
எழுத ஏலாது. எழுதாமலும் இருக்க ஏலாது.
மத்தியானம் கடைசிக் கட்டில் செல்லாச்சி அம்மா, "நெஞ்சை இறுக்குது, பிள்ளை" என்றார். உடம்பெல்லாம் வேர்வை. சிஸ்டர் சாப்பிடுகிற நேரம். அறைக் கதவடிவரை போனேன். உள்ளே சிரிப்புச் சத்தம். திரும்பவும் கட்டில் கட்டிலாகவோ? சாப்பிட்டு வரட்டும் என்று திரும்பி வந்துவிட்டேன்.
சிஸ்டர் வந்தபோது செல்லாச்சி அம்மா முடிந்துவிட்டார்.
டொக்டருக்கு முன்னால் சிஸ்டர் கேட்டார்: "ஏன் என்னைக் கூப்பிடேல்லை?"
ஏன் எண்டு உங்களுக்குத் தெரியாதோ? எனக்குத் தெரியும். பாவி நான்.

மார்ச் 16
போகவில்லை.

மார்ச் 18
ஆஸ்பத்திரியில் விசாரித்தார்கள். கூப்பிடப் பயந்த காரணத்தைச் சொன்னேன். நான் கட்டில் கட்டிலாகப் போனதை அவள் காணவேயில்லை என்று தனுசியா சொல்லிவிட்டாள்.
வெளியே செல்லாச்சி அம்மாவின் மகன் ரஜீபன் நின்றார். "அம்மா தனியவோ கிடந்தவ, தங்கச்சி?"
"இல்லை அண்ணை. நான் பக்கத்திலைதான் நிண்டனான்."
கும்பிட்டார். செத்துவிடலாம் போல இருந்தது.

மார்ச் 20
வாட்டில் இருக்கும் சறோஜினிதேவி அன்ரி கை விறைக்கிறது என்றார். சிஸ்டர் சாப்பாட்டில். கதவைத் தட்டினேன்.
"பிறகு வாறன், போ."
"இப்ப வாங்கோ, சிஸ்டர்."
எச்சில் கையோடு வந்து பார்த்தார். ஒன்றுமில்லை. அன்ரி கையை மடித்து அதன்மேல் படுத்திருக்கிறார், அதுதான் மரத்துவிட்டது.
அதே தண்டனை. திரும்பவும் கட்டில் கட்டிலாகப் போனேன். கடைசிக் கட்டிலுக்கு இன்னும் ஆள் வரவில்லை. அதற்கு முன்னாலும் நின்றேன்.
"அங்கை ஆர் இருக்கினம்?" என்று சிஸ்டர் சத்தம் போட்டார்.
சொல்லி முடித்துவிட்டுத்தான் வந்தேன்.