ஹாலின் நடுவில் அரிசி டிரம்

அன்பு மகன் ஃபயாஸுக்கு உம்மா சலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ் உன்னை நோய் நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும். இங்கே நானும் தங்கச்சியும் நல்லபடியாக இருக்கிறோம். நீ என்னை மக்காவுக்கு உம்ரா அனுப்பப் பணம் கட்டிவிட்டதாகச் சொன்ன நாளிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, தினமும் நீ சொன்ன மாதிரி நடக்கிறேன்.

நானா, இனி உங்கள் தங்கச்சி நௌஷின் எழுதுகிறேன். மேலே இருப்பது உம்மா சொல்லச் சொல்ல எழுதியது. உம்மா அஸர் தொழுகிறார், நாற்காலியில் உட்கார்ந்துதான். போனில் 'ம்', 'சரி' தவிர எனக்கு எதுவும் வராது என்று உங்களுக்கே தெரியும், அதுவும் உம்மா ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே இருப்பார். வாட்ஸ்அப்பில் எழுதினால் அடுத்த நிமிடமே உம்மாவுக்குப் போன் போட்டு விசாரிப்பீர்கள். அதனால்தான் நஸ்ருதீன் மாமா அங்கே ஷார்ஜாவுக்குத் திரும்பும்போது பார்சலோடு இதையும் வைத்து அனுப்புகிறேன். படித்ததும் ஆத்திரப்படாமல் ஒரு ராத்திரி பொறுத்துப் போன் பண்ணுங்கள்.

முதலில் என் கண்ணில் பட்டது அரிசி டிரம்தான், அடுப்படி மூலையில் இருக்கும் அது போன வாரம் ஹாலின் நடுவுக்கு வந்திருந்தது. தரை காயட்டும் என்று நகர்த்தினேன் என்றார் உம்மா. அவரால் அதை நகர்த்த முடியாது, மூடியைத் திறக்கவே என்னைக் கூப்பிடுகிறவர். பக்கத்து வீட்டு சுகிர்தா அக்காவை விட்டு நகர்த்தச் சொல்லியிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. நான் குளித்துவிட்டு வரும்போது பார்த்தேன், இடது கையை டிரம் விளிம்பில் வைத்துக்கொண்டு உம்மா அதைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். கஃபாவைச் சுற்றுவதற்குப் பழகுகிறாராம். ஏழு சுற்றில் இரண்டு ஒப்பேற்றினார், மூன்றாவதில் பாதியில் நின்று அப்படியே சறுக்கி உட்கார்ந்துவிட்டார். எழுப்பினால் எழ முடியவில்லை, என்னாலும் தூக்க முடியவில்லை. நான் வாசலுக்கு ஓடி சுகிர்தா அக்காவைக் கூப்பிட்டு வருவதற்குள் உம்மா சுளகை மடியில் இழுத்து வைத்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருக்கிறார். "வா சுகிர்தா, கீழ உக்காந்து பாத்தாதான் கல்லு தெரியிது" என்கிறார். அக்கா கூடவே உட்கார்ந்து கொஞ்சநேரம் கல் பொறுக்கிவிட்டு, "சரி மாமி, எனக்கு இடுப்பு வலிக்கிது, நாம ரெண்டு பேரும் சேந்து எந்திரிப்போமா" என்று கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டார். எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது.

நானா, உங்கள் மேலும் எனக்குக் கோபம்தான். ஒவ்வொரு வாரமும் "பெரிய வீட்டு ருக்கையா மாமி ரெண்டு தடவ போயிட்டு வந்துட்டாங்க, உங்க வயசுதானே, நீங்க மட்டும் என்னா" என்று கேட்கிறீர்கள். நடங்கள், பழம் சாப்பிடுங்கள், சோம்பல்படாதீர்கள் என்கிறீர்கள். வீடியோவில் பவுடர் போட்டுச் சுவரில் சாய்ந்திருக்கிற முகத்தைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள். அந்த முகம் கட்டிலிலிருந்து எழுவதற்கு என் தோளைத் தேடுகிறது என்று உங்களுக்குத் தெரியாது. விழுந்த மறுநாள் உம்மாவை வற்புறுத்தி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். டாக்டரம்மா தன் விரலைப் பிடித்து அழுத்தச் சொன்னார், கையை ஊன்றாமல் நாற்காலியை விட்டு எழச் சொன்னார், இரண்டும் முடியவில்லை. "இடியப்பம் பிழிஞ்சே உங்களையெல்லாம் வளத்த கை, இப்ப ஒரு விரல அமுக்க முடியல பாரு" என்று உம்மா என்னிடம் சிரிக்கிறார். சின்ன வயதில் என்ன சாப்பிட்டீர்கள் என்று டாக்டரம்மா கேட்டதற்கு, "எங்க வூட்ல வருசம் பூரா நோன்புதான் டாக்டரம்மா, பெருநாள்தான் வரல" என்றார். அந்த அம்மாவும் சிரித்துவிட்டார்கள். பிறகு நிறுத்தி நிறுத்திக் கேட்கக் கேட்கத்தான் உம்மா சொன்னார், எனக்கே அது புதிது. அவருடைய வாப்பா மௌத்தாகிப் பிழைக்க வழியில்லாமல், எட்டு வயதில் உம்மாவை வேலைக்குக் கொண்டுபோய் விட்டது பட்டினத்தில் அந்தப் பெரிய வீட்டில்தானாம். ருக்கையா மாமி குளிக்கும் தண்ணீரைக் கிணற்றில் இறைத்துக் கொடுத்தது உம்மா. அவர் பால் குடித்த டம்ளரைக் கழுவி வைத்தது உம்மா. எல்லோரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் ஒட்டியிருந்ததுதான் உம்மாவுக்கு. அடித்ததில்லையாம், பெருநாளைக்குப் புதுத்துணி எடுத்துக் கொடுப்பார்களாம், அதனால் குறை சொல்லக் கூடாதாம். ஒரே வீட்டில் ஒரே கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்த இரண்டு பிள்ளைகள். ஒன்று இன்றைக்கு மாடிப்படி ஏறி மருதாணிக்கு இலை பறிக்கிறது, இன்னொன்று ஹாலில் சறுக்கி விழுகிறது. இதை நீங்கள் சோம்பல் என்கிறீர்கள்.

டாக்டரம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "இது நேத்து வந்ததில்ல பாப்பா. வளர்ற வயசுல உடம்புக்குப் போய்ச் சேர வேண்டியது சேரல, அப்புறமும் இவங்க ஒக்காந்து சாப்பிட்ட மாதிரி தெரியல. இருக்குறத இன்னும் குறையாம பாத்துக்கலாம். முட்டை, பால் கொடு, நாற்காலிய விட்டு எந்திரிச்சு உக்காரப் பழக்கு" என்றார்கள். கொடுத்தால் சாப்பிட வேண்டுமே. நம் வாப்பா மௌத்தான பிறகு எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் சாப்பிட்டுப் பழகினவர், இப்போது வீட்டில் இரண்டே பேர், இப்போதும் கடைசியில்தான் சாப்பிடுவேன் என்கிறார். முட்டையை என் தட்டில் வைப்பார், நான் திருப்பி வைப்பேன், முந்தாநாள் இந்தச் சண்டையில் அதைப் பூனை தூக்கிக்கொண்டு போய்விட்டது. நீங்கள் அனுப்பிய பால் பவுடர் டின் பிரிக்காமல் பீரோவில் இருக்கிறது, என்னைப் பெண் பார்க்க வருகிறவர்களுக்கு டீ போட வேண்டுமாம். டாக்டரம்மா போகிறபோக்கில் என் கண் இமையையும் இழுத்துப் பார்த்து உனக்கும் ரத்தம் இல்லை என்றார்கள். நான் பத்தாவதோடு நின்றதே உம்மாவால் குடம் தூக்க முடியாமல் போனதால்தான். எனக்கும் இப்படி ஆகிவிடுமோ என்று அன்றைக்குத்தான் பயமாக இருந்தது. அந்தப் பயத்தில், பூனை கொண்டுபோன நாளிலிருந்து முட்டையைத் திருப்பி வைப்பதில்லை, இரண்டாக வெட்டி ஆளுக்குப் பாதி என்று பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறேன்.

இதைப் படித்ததும் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். உம்ராவை நிறுத்திவிட்டு, "உடம்பு தேறட்டும், அடுத்த வருசம் பாப்போம்" என்பீர்கள். உம்மா பயப்படுவதும் அதற்குத்தான், அதனால்தான் மறைக்கிறார். தேறுகிற உடம்பு இல்லை நானா இது, அடுத்த வருடம் இதைவிடக் குறைந்துதான் இருக்கும். நிறுத்தாதீர்கள். நீங்கள் லீவு போட்டு அங்கிருந்தே மக்காவுக்கு வந்து உம்மாவோடு சேர்ந்துகொள்ளுங்கள், சக்கர நாற்காலிக்கு இப்போதே சொல்லி வையுங்கள். நான் கூச்சத்தை விட்டு மதரஸாவுக்குப் போய் ஆலிமாவிடம் கேட்டேன், முடியாதவர்கள் வண்டியில் உட்கார்ந்தும் கஃபாவைச் சுற்றலாம், தவாஃப் கூடும் என்று சொல்லிவிட்டார்கள். உம்மாவிடம் சொன்னால், "முடியாதவங்களுக்குத்தானே" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ருக்கையா மாமி நடந்து சுற்றிய இடத்தை இவரும் நடந்துதான் சுற்ற வேண்டுமாம். அந்த மாமி பேச்சை இனிமேல் எடுக்காதீர்கள்.

தொழுது முடித்து உம்மா, என்ன இவ்வளவு நேரம் எழுதுகிறாய், படி என்றார். திக்கித் திக்கி எல்லாவற்றையும் படித்தேன். "ஒன்ன எவ எழுதச் சொன்னா இதெல்லாம், கிழிச்சுப் போடு" என்று கத்தினார். நான் கிழிக்கவில்லை. உம்மா டிரம் விளிம்பில் கையை வைத்துக்கொண்டு, "கடைசிச் சுத்து நான் நடப்பேன்னு எழுது. அவன் கையப் புடிச்சுக்கிட்டு. மத்ததுக்கு வண்டி" என்றார். எழுதிவிட்டேன்.

உம்மா துஆ சொல்கிறார். உன் உழைப்பில் அல்லாஹ் பரக்கத் தரட்டும், பசித்த நேரத்துக்குச் சாப்பிடு, மற்றவர்களுக்குப் போட்டுவிட்டுக் கடைசியில் உட்காராதே என்று அவரே சொல்கிறார், சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். பார்சலில் இடியப்ப மாவும் கருவாடும் இருக்கின்றன, கருவாட்டை ஒரு வெயில் காய வைத்து எடுத்து வையுங்கள். லீவு கிடைத்ததா என்று போன் பண்ணும்போது மறக்காமல் சொல்லுங்கள். டிரம்மை அடுப்படிக்குத் தள்ளிவிடவா என்று கேட்டேன், வேண்டாம் என்றார். முடியாத இடத்தில் உட்கார்ந்துகொள்ளட்டும் என்று அதைச் சுற்றி நாலு பக்கமும் நாலு நாற்காலி போட்டு வைத்துவிட்டேன்.

உம்மா கமர் நிஷா
உம்மாவுக்காக, தங்கை நௌஷின்