மேலே வாருங்கள், கீழே வராதீர்கள்

அக்கா,

இன்று காலை உங்கள் வீட்டுக் கேற்றடியில் நின்று ஒரு பிள்ளை, பேஜில் இருந்த என் நம்பருக்குப் போன் எடுத்தாள். யாழ்ப்பாணத்திலிருந்து புருசனோடு பஸ் ஏறி வந்திருக்கிறாள், கலியாணம் முடித்து ஒரு மாதம்தானாம். "அன்ரி, இங்க பூட்டிக் கிடக்குது. உங்கட பேஜில வரலாம் எண்டுதானே போட்டிருக்கு?" என்று கேட்டாள். பின்னால் கடல் இரைகிற சத்தம் எனக்கே கேட்டது. மார்கழிக் கடல், பிறகென்ன.

அவர்களுக்கு லிங்கநகரில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அறை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கடைக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தேன். 'திருகோணமலை, கடலோரம், அறை' என்று தட்டினால் இன்னும் நீங்கள்தான் முதலில் வருகிறீர்கள். ஒரு சதம் கட்டாமல் வருகிறீர்கள். பக்கத்தின் அடியில், ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பு நீங்கள் எழுதிய கடைசி வரி. உங்கள் துறைமுகக் கந்தோர்க் கடித இங்கிலீசைத் தமிழில் சொன்னால் இப்படித்தான் வரும்: "கடல் அமைதியாக உள்ளது, தாங்கள் வரலாம் என்பதைத் தயவுடன் அறியத் தருகிறேன்."

எட்டு மாதமாக அந்த வரி பொய் சொல்லிக்கொண்டு நிற்கிறது. அதை மாற்றும் சாவி என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. என்னை என்னவென்று ஏசுவீர்கள் என்று எனக்குத் தெரியும்.

சண்டை கொஞ்சம் ஓய்ந்திருந்த அந்த வருடங்களில்தானே நீங்கள் என் இன்டர்நெற் கடைக்குள் முதன்முதல் வந்தீர்கள். துறைமுகக் கந்தோரில் தட்டச்சு வேலை பார்த்து ஓய்வு எடுத்த கை. அத்தான் போன பிறகு உப்புவெளியில் நான்கு அறையைப் பிரித்து வாடகைக்கு விட்டிருந்தீர்கள். ஆள் வரவில்லை. "வித்துப்போட்டு வாங்கோ அக்கா" என்று கொழும்பிலிருந்து உங்கள் தம்பி கிழமைக்கு ஒருக்கால் போன் எடுப்பார். கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, "பிள்ளை, இந்த சீசனுக்குள்ள ஆள் வராட்டி வீடு போயிடும். வெள்ளைக்காரர் தேடுற இடத்தில என்ர வீட்டைக் காட்டேலுமோ?" என்று கேட்டீர்கள்.

காட்ட இரண்டு வழி இருக்கிறது என்றேன். ஒன்று, காசு கட்டினால் நாளைக்கே தேடலின் உச்சியில் விளம்பரம் நிற்கும், கட்டாத அன்றைக்கு மறைந்துவிடும். மற்றது, நல்ல பக்கம் ஒன்றை எழுதி வைப்பது. அது காசில்லாமல் மேலே வரும், ஆனால் மாதக்கணக்காகும். நீங்கள் யோசிக்கவே இல்லை. "பஸ் ஸ்டாண்டில ஓட்டோக்காரன் கொமிசனுக்குக் கூட்டிக்கொண்டு வாற ஆள் ஒண்டு, ஆரும் சொல்லிக் கேட்டு வாற ஆள் ஒண்டு. எனக்கு ரெண்டும் வேணும்," என்றீர்கள். பிறகு நான் எத்தனை ஹோட்டல்காரருக்கு இதை விளங்கப்படுத்தியிருப்பேன்! அந்த ஓட்டோக் கதையைவிட நல்லதாக ஒன்று எனக்கு இன்னும் அகப்படவில்லை.

விளம்பரம் போட்ட முதல் நாள் ஞாபகம் இருக்கிறதா? திரையில் வீட்டின் பெயரைக் கண்டதும் கைதட்டினீர்கள். வீட்டுக்குப் போன கையோடு லண்டனிலும் கனடாவிலும் இருக்கிற சொந்தம் முழுக்கப் போன் எடுத்து, "எங்கட வீடு வந்திருக்கு, தேடி அமத்திப் பாருங்கோ" என்று சொல்லிவிட்டீர்கள். ஒவ்வொரு அமத்தலுக்கும் காசு போகும் என்று நான் சொல்லாதது என் பிழைதான். மத்தியானத்துக்குள் அன்றைய விளம்பரக் காசு தீர்ந்துபோயிற்று. வந்து பார்த்தது அவ்வளவும் உங்கள் மச்சாள்மார்! "ஐயோ கடவுளே, பாசத்தாலயே என்னை முடிச்சுப்போட்டாளவை," என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு நீங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து மருந்துக் கடைக்காரர் எட்டிப்பார்த்தார்.

ஆனால் அந்த விளம்பரம் ஒரு நல்ல காரியம் செய்தது. சனம் எந்தச் சொற்களைத் தட்டி நம்மிடம் வந்தது என்று பட்டியல் தந்தது. 'கடற்கரை', 'அறை' எல்லாம் கீழே கிடந்தன. எல்லாவற்றுக்கும் மேலே நின்றது ஒரு கேள்வி: திருகோணமலைக்கு இப்போது போகலாமா? இதைத் தட்டுகிறவர்களுக்கு விளம்பரத்தைக் காட்டாமல் விட்டுவிடுவோம், பயந்த ஆட்கள் வரமாட்டார்கள் என்றேன். "விசரே உனக்கு? கேக்கிற சனத்துக்குத்தானே மறுமொழி சொல்லோணும்," என்று சீறினீர்கள்.

அன்று தொடங்கியது உங்கள் தினவரி, நாளுக்கு ஒரு வரி. விடிந்ததும் இறக்கக்கண்டி மீன்கார நானாவுக்குப் போன். "வள்ளம் இறங்கினதோ?" என்று ஒரே கேள்வி. இறங்கினால் கடல் நல்லம். பிறகு கண்டி றோட்டால் வந்த பஸ்காரரிடம் கப்பல்துறையில் இராணுவ மறிப்பு உண்டோ என்று கேட்பீர்கள். பிறகு என் கடைக்கு வந்து, கீபோர்ட் உடையும்படி, தட்டச்சு மெசினில் அடிப்பதுபோல அடித்து ஒரு வரி எழுதுவீர்கள். அந்த ஒரு வரியால்தான் பக்கம் மெல்ல மெல்ல மேலே ஏறியது. சீசன் முடியும் முன் நான்கு அறையும் நிரம்பின, உங்கள் தம்பியின் போனும் குறைந்தது.

அடுத்த வருடம் சண்டை திரும்ப வந்தது. ஒரு நாள் துறைமுகப் பக்கம் வெடிச் சத்தத்தில் என் கடைக் கண்ணாடி அதிர்ந்தது. அதற்குள்ளும் நீங்கள் வேர்க்க விறுவிறுக்க வந்து எழுதினீர்கள்: "தற்போது தாங்கள் வரவேண்டாம் என்பதைத் தயவுடன் அறியத் தருகிறேன்." நானும் பயத்தில் கடையைப் பூட்டிக்கொண்டு ஓடிவிட்டேன். விளம்பரத்தை நிறுத்த மறந்துபோனேன்.

இரண்டு நாள் கழித்து உங்கள் குசினியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கொழும்பில் ஒரு ஜெர்மன்காரரும் மனைவியும், பெட்டி கட்டி முடித்துவிட்டார்களாம். "ஒரே திரையில் மேலே 'அமைதியான கடல், வாருங்கள்' என்று இருக்கிறது. கீழே 'வராதீர்கள்' என்று இருக்கிறது. இரண்டும் உங்கள் வீடு. நாங்கள் எதை நம்புவது?" என்று கேட்டார்கள். விளம்பரத்தை நிறுத்தாதது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அந்த இரண்டு ஆட்கள் வந்தால் நான்கு அறையில் ஒன்றாவது நிரம்பும். நீங்கள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனில் சொன்னீர்கள்: மேலே இருப்பது காசு கொடுத்துப் போட்டது, கீழே இருப்பது நான் எழுதியது, கீழே இருப்பதை நம்புங்கள்.

போனை வைத்துவிட்டு, "ஒரு வீடு ரெண்டு கதை கதைக்கக்கூடாது பிள்ளை. மேலயும் அதையே போடு," என்றீர்கள். காசு கட்டி, 'வரவேண்டாம்' என்று சொல்கிற விளம்பரத்தை உலகத்தில் ஆர் போடுவார்கள் என்று கத்தினேன். "நான் போடுவன். ஒரு கிழமைக்குப் போடு." போட்டோம். உங்கள் தம்பி போனில் கத்தியது குசினி வரைக்கும் கேட்டது.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் கொடியவை. வங்கியில் வேலை பார்த்த மூன்று பிள்ளைகளுக்கு மாத வாடகைக்கு அறைகளை விட்டு, தினவரியைக் கைவிடாமல், வீட்டைப் பிடித்து வைத்திருந்தீர்கள். எல்லாம் ஓய்ந்த பிறகு வந்து இறங்கிய முதல் ஆட்கள் அந்த ஜெர்மன்காரர்தானே! தங்கள் ஊரில் இன்டர்நெற்றில் தாங்கள் எழுதுகிற இடத்திலெல்லாம் உங்கள் பக்கத்துக்கு லிங்க் போட்டு, 'வராதே என்று சொன்ன வீடு இதுதான்' என்று எழுதினார்கள். அதன் பிறகு உங்களைத் தேடலில் ஒருவராலும் கீழே தள்ள முடியவில்லை. விளம்பரம் சீசனுக்கு மட்டும், புது ஆட்களுக்கு மட்டும் என்று ஆயிற்று.

இப்போது உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களில் பாதிக்கு நான்தான் விளம்பரம் போடுகிறேன். பொத்தானை அமத்த முன் மேலே இருப்பதையும் கீழே இருப்பதையும் பக்கத்தில் வைத்து வாசிப்பேன். கதை இரண்டாக இருந்தால் கைவைக்க மாட்டேன். போன மாதம் ஒருவர் மழைக்காலத்துக்கும் 'அமைதியான கடல்' போடச் சொன்னார். ஏலாது என்றேன். வேறு கடைக்குப் போய்விட்டார். போகட்டும்.

ஊராருக்கு இவ்வளவு சட்டம் பேசுகிற நான் உங்கள் பக்கத்தில் மட்டும் பொய்யை விட்டு வைத்தேன். விளம்பரம் நீங்கள் கண்ணை மூடிய மாதமே, காசு கட்ட ஆளில்லாமல் நின்றுபோயிற்று. அந்த வரியும் போனால் நீங்கள் போய்விடுவீர்கள் என்று பயமாக இருந்தது, அக்கா. வேறு காரணம் இல்லை. ஒவ்வொரு நாளும் கடை திறந்ததும் அதை ஒருக்கால் வாசித்துவிட்டுத்தான் மற்ற வேலை. இன்று அந்தப் பிள்ளை பையைத் தூக்கிக்கொண்டு மழையில் நின்றாள்.

மத்தியானம் இறக்கக்கண்டி நானாவுக்குப் போன் எடுத்தேன். வள்ளம் இறங்கினதோ என்று கேட்டேன். "அக்கா போனாப் பிறகு இதை ஆரும் கேக்கேல்ல, தங்கச்சி," என்றார். பிறகு, "இல்லை, இண்டைக்கு ஏலாது. கடல் சரியில்லை," என்றார்.

கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, உங்களைப்போலவே ஓங்கி அடித்துத் தட்டினேன்:

"கடல் கொந்தளிப்பாக உள்ளது. வள்ளங்கள் இறங்கவில்லை. இவ்வீட்டுக்காரர் காலமாகிவிட்டார். இங்கு தற்போது அறைகள் இல்லை, தாங்கள் வரவேண்டாம் என்பதைத் தயவுடன் அறியத் தருகிறேன்."